சூடாகும் கியர் பாக்ஸும் ஒரு கப்பல் கதையும்

ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார், கோடை மதியத்தில், தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி நகரும், நிற்கும். மறுபடி பத்தடி. அரை மணி நேரம் கழித்து வழி கிடைக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் அதற்கேற்ப நகர மாட்டேன் என்கிறது. கூடவே கருகிய வாடை வேறு!

பக்கத்து ஒர்க் ஷாப்பில் கேட்டால் "கிளட்ச் போயிருக்கும்" என்பார்கள். ஆனால் காரில் கிளட்ச் பெடலே கிடையாதே? அப்புறம் எது கருகியது?

கருகியது ஆயில். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சிவப்பு ஆயில். அது ஏன் சூடாகிறது, அந்தச் சூட்டுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று தேடிப் போனால், கதை காரில் ஆரம்பிக்கவில்லை. ஒரு கப்பல் கட்டும் தளத்தில் ஆரம்பிக்கிறது.

கப்பலுக்கு வந்த சிக்கல்

1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்கிறார். மூலதனம் 10 லட்ச ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். அடுத்த வருடமே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேருகின்றன. கொழும்புக் கடல்வழியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியோடு கட்டணப் போட்டி சூடு பிடிக்கிறது. இது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதே சமயத்தில் கப்பல் உலகத்தில் வேறொரு போட்டியும் நடந்துகொண்டிருந்தது. பழைய பிஸ்டன் நீராவி இன்ஜினுக்குப் பதிலாக நீராவி டர்பைன் வந்துகொண்டிருந்த காலம் அது. டர்பைன் நல்ல கெட்டிக்காரன், ஆனால் வேகமாகச் சுற்றினால்தான் அவன் கெட்டிக்காரத்தனம் வெளிப்படும். கப்பலின் புரொப்பெல்லர் அதற்கு நேர் எதிர். மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும். இந்த இரண்டு பேரையும் ஒரே தண்டில் எப்படிக் கட்டிப் போடுவது?

ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் (இன்று அது போலந்தில் இருக்கும் ஷ்செச்சின்) வல்கன் கப்பல் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற இன்ஜினியர் 1905-ல் ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். இரண்டு தண்டுகளுக்கும் நடுவில் இரும்பே வேண்டாம், திரவத்தை வைப்போம் என்றார் அவர்.

மோர் கடைவதை நினைத்துப் பாருங்கள். மத்து சுழன்றால் மோரும் சுழலும். பானையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பானையும் சேர்ந்து சுழலப் பார்க்கும். மத்து பானையைத் தொடவே இல்லை, ஆனாலும் சுற்றுகிறது. ஃபொட்டிங்கர் செய்தது இதுதான். இன்ஜின் பக்கம் ஒரு துடுப்புச் சக்கரம், புரொப்பெல்லர் பக்கம் இன்னொரு துடுப்புச் சக்கரம், இரண்டும் ஒரே கூட்டுக்குள் எதிரெதிராக. இந்த இரண்டு மட்டும் இருந்தால் அதற்கு ஃப்ளூயிட் கப்ளிங் என்று பெயர். ஃபொட்டிங்கர் நடுவில் அசையாத மூன்றாவது சக்கரம் ஒன்றையும் வைத்தார். திரும்பி வரும் திரவத்தின் திசையை அது மாற்றிவிடும். அதனால் வேகம் குறைந்து முறுக்குவிசை பெருகும். இதுதான் டார்க் கன்வெர்ட்டர். இன்றைக்கும் ஆட்டோமேட்டிக் கார்களில் இருப்பது இந்த மூன்று சக்கரக் குடும்பம்தான்.

வெந்நீரை வீணாக்காத கப்பல்

ஆனால் ஒரு கணக்கு இடித்தது. பானை ஒருபோதும் மத்தின் வேகத்துக்கே சுழலாது, கொஞ்சம் பின்தங்கும். இந்தப் பின்தங்கலை 'ஸ்லிப்' என்பார்கள், தமிழில் நழுவல் என்று சொல்லலாம். நழுவும் அளவு சக்தி எங்கே போகும்? சூடாகத்தான் போகும். இது ரிப்பேர் இல்லை, தயாரிப்புக் குறையும் இல்லை. திரவத்தை நடுவில் வைத்தால் கட்ட வேண்டிய வரி!

ஃபொட்டிங்கருக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய கப்பல் இயந்திரத்தில் ஓடியது ஆயில் அல்ல, தண்ணீர். நழுவலால் அது சூடானதும், அந்த வெந்நீரைக் கொதிகலனுக்கே அனுப்பினார்கள். எப்படியும் கொதிக்க வைக்க வேண்டிய தண்ணீர்தானே, பாதி வேலை முடிந்து வரட்டும் என்று. செலவுக் கணக்கில் எழுத வேண்டியதை வரவுக் கணக்கில் எழுதிய சாமர்த்தியம் இது.

1913-ல் ஹாம்பர்க் நகருக்கும் ஹெலிகோலாந்து தீவுக்கும் நடுவே ஓடுவதற்காகக் கட்டப்பட்ட 'கோனிகின் லூயிஸ்' என்ற பயணிகள் கப்பலில் இந்த இயந்திரம் பொருத்தப்பட்டது. பாவம், அதற்கு ஆயுள் ஒரு வருடம்தான். முதல் உலகப்போர் வந்ததும் கண்ணிவெடி போட அனுப்பினார்கள், 1914 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் அதை மூழ்கடித்துவிட்டன. அதற்குள் பல்சக்கரங்களைத் துல்லியமாக வெட்டும் கலையும் வளர்ந்துவிட்டது. நழுவாத, மிகக் குறைவாகவே சக்தியை இழக்கும் இரும்புக் கியர்கள் கப்பல்களைப் பிடித்துக்கொண்டன. கன்வெர்ட்டர் கடலில் தோற்றுப் போய்க் கரையேறியது.

பஸ், டாங்கி, கார்

கரையில் அதற்கு வேலை கொடுத்தவர் ஹரால்ட் சின்க்ளேர் என்ற ஆங்கிலேய இன்ஜினியர். லண்டன் பஸ்கள் கிளம்பும்போதெல்லாம் பயணிகளைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தவர், கப்பலில் இருக்கும் கப்ளிங்கை பஸ்ஸில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1926-ல் லண்டன் பஸ் கம்பெனியோடு பேச்சு தொடங்கியது. 1930-ல் டெய்ம்லர் கம்பெனி 'ஃப்ளூயிட் ஃப்ளைவீல்' என்ற பெயரில் அதைக் கார்களிலேயே விற்க ஆரம்பித்தது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் 'ஹைட்ராமேட்டிக்' கியர் பாக்ஸை அறிவித்தது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 57 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிளட்ச் பெடலே இல்லாத வண்டி! இரண்டாம் உலகப்போரில் அதே கியர் பாக்ஸ் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளுக்குள்ளும் போனது. போர் முடிந்து 1948-ல் பியூக் கம்பெனி 'டைனாஃப்ளோ'வைக் கொண்டுவந்தபோதுதான், அதிக அளவில் தயாரான கார்களுக்கு முழு டார்க் கன்வெர்ட்டர் கிடைத்தது. வெண்ணெய் மாதிரி போகும். ஆனால் நழுவல் அதிகம், பெட்ரோலும் அதிகம்.

இங்கேதான் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. கப்பலில் சூடான தண்ணீருக்கு ஒரு வேலை இருந்தது. காரில் சூடான ஆயிலுக்கு எந்த வேலையும் இல்லை. அதை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதனால் இன்ஜின் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஒரு சின்னக் குழாயை விட்டு, அதன் வழியாக ஆயிலை ஓடவிட்டார்கள். தனியாக ஒரு கூலர் வாங்கும் காசு மிச்சம். ஆனால் அன்றிலிருந்து இரண்டு பேருடைய தலைவிதியும் ஒன்றாகிவிட்டது. ரேடியேட்டர் அடைத்தால் கியர் பாக்ஸும் வேகும்.

திமிங்கலம் கொடுத்த விலை

கியர் பாக்ஸ் ஆயில் சாதாரண ஆயில் இல்லை. சக்கரங்களைச் சுற்ற வேண்டும், வால்வுகளுக்கு அழுத்தம் தர வேண்டும், கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலுக்குள்ளேயே ஒன்றை ஒன்று பிடிக்கும்போது வழுக்காமலும் வெட்டி இழுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் கொதிக்கும் சூட்டில். 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கென்று 'டைப் ஏ' என்ற ஆயில் தரத்தைக் கொண்டுவந்தது. அந்தக் கால ஆயில்களில் சேர்க்கப்பட்ட முக்கியமான பொருள் ஒன்று ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய்!

ஆமாம், பத்திரிகைகளில் 'திமிங்கல எச்சம் கடத்தல்' என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அந்த அம்பர்கிரிஸைத் தரும் அதே திமிங்கலம்தான். அதன் எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கெட்டுப் போகாது, இரும்பில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒருவர் கிளட்ச் மிதிக்காமல் சொகுசாகப் போவதற்கு எங்கோ நடுக்கடலில் ஒரு திமிங்கலம் செத்துக்கொண்டிருந்தது.

1970-ல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அதன் எண்ணெய் இறக்குமதியும் நின்றது. வேதியியல்காரர்கள் மாற்றுப் பொருள் தேடி ஓடினார்கள். 1973-ல் 'டெக்ஸ்ரான் 2' என்ற புது தரம் வந்தது. அதன் ஆரம்பகால ஆயில்களில் சில, ரேடியேட்டருக்குள் இருந்த கூலரின் பற்றவைப்பு இணைப்புகளை அரித்தன. கூலர் ஓட்டையானால் ரேடியேட்டர் தண்ணீர் கியர் பாக்ஸுக்குள் போகும். கிளட்ச் பிளேட்டுகள் ஊறி உரியும். கலவையை மாற்றிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

அந்த 1973-ம் வருடம் நம் கரைக்கும் மறக்க முடியாதது. ஜனவரி 14 அன்று குலசேகரப்பட்டினம், மணப்பாடு கடற்கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின (அவை வேறு இனம், பைலட் திமிங்கலம்). 2016 ஜனவரியில் அதே மணப்பாட்டுப் பகுதியில் மறுபடியும் கூட்டமாக ஒதுங்கியபோது, மீனவர்கள் கடலில் இறங்கி உயிரோடிருந்தவற்றைத் தள்ளிவிடப் போராடினார்கள். 1973 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. இந்தக் கரையின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு வரிசை 1961-லேயே முடிந்திருந்தது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் செயற்கையாகக் கருவை வைத்து வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். கடல் இனிமேல் தராது என்று ஆன இரண்டு பொருள்களுக்கு மனிதன் மாற்று கண்ட காலம் அது.

அதே ஆண்டு அக்டோபரில் பெட்ரோல் நெருக்கடி. இப்போது நழுவலில் வீணாகும் பெட்ரோலும் உறுத்த ஆரம்பித்தது. வேகமெடுத்த பிறகு கன்வெர்ட்டரின் இரண்டு பக்கத்தையும் இரும்பாகவே பூட்டிவிடும் 'லாக்அப் கிளட்ச்' என்ற ஏற்பாட்டை பேக்கார்ட் கம்பெனி 1949-லேயே செய்திருந்தது. 1978-ல் கிரைஸ்லர் அதைத் திரும்பக் கொண்டுவர, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பூட்டியிருக்கும்போது நழுவல் இல்லை, சூடும் குறைவு. ஆனால் ஊர்ந்து போகும்போது பூட்டு விழாது. கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காருக்கு 1948-ன் நிலைமைதான்!

நம் நாட்டுக் கணக்கு

இதெல்லாம் வெளிநாட்டு விஷயம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். மன்மோகன் சூரி என்ற இந்திய இன்ஜினியர் டீசல் ரயில் இன்ஜினுக்காக இதே நழுவல் பிரச்சினையோடு மல்லுக்கட்டினார். கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர், வேகமெடுத்ததும் அதைவிடக் குறைவாக நழுவும் கப்ளிங் என்று அவர் உருவாக்கிய அமைப்புக்கு 'சூரி டிரான்ஸ்மிஷன்' என்றே பெயர். சித்தரஞ்சன் ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் தயாரான டபிள்யூ.டி.எஸ்.4 வகை ஷண்டிங் இன்ஜின்களில் அது ஓடியது. பின்னாளில் ஸ்வராஜ் டிராக்டர் பிறந்த துர்காபூர் ஆராய்ச்சி நிறுவனத்தை வழிநடத்தியவரும் இவர்தான்.

தூத்துக்குடிக்கே வருவோம். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. இப்படிப்பட்ட பெரிய கன்வேயர்களில் மோட்டாருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஃப்ளூயிட் கப்ளிங் வைப்பது வழக்கம், ஃபொட்டிங்கரின் அதே இரட்டைச் சக்கரம்தான். அதன் ஓட்டில் ஒரு சின்ன உலோகத் தக்கை இருக்கும். பெல்ட் எங்காவது சிக்கிக்கொண்டு மோட்டார் மட்டும் சுற்றினால் ஆயில் கொதிக்கும். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் தக்கை உருகி, ஆயில் வெளியே கொட்டி, இணைப்பு தானாக அறுந்துவிடும். விலை மலிவான தக்கை செத்து, விலையுயர்ந்த மோட்டாரைக் காப்பாற்றும்.

கப்பலில் சூடு வேலை செய்தது. கன்வேயரில் சூடு எச்சரித்தது. காரில்? பழைய கார்கள் பலவற்றில் கியர் பாக்ஸ் சூட்டைக் காட்ட டேஷ்போர்டில் ஒரு முள் கூடக் கிடையாது.

சூட்டின் கூட்டு வட்டி

அமெரிக்க கியர் பாக்ஸ் ஒர்க் ஷாப்புகளில் ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு. ஆயில் 80 டிகிரி செல்சியஸில் ஓடினால் ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டர் தாங்கும். 90 டிகிரியில் அதில் பாதி, 80,000. 100 டிகிரியில் 40,000. சுமார் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி! அதற்கும் மேலே போனால் ஆயில் வார்னிஷ் மாதிரி படியும், ரப்பர் சீல்கள் இறுகும். சீல் இறுகினால் அழுத்தம் கசியும். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் பிளேட்டுகள் சரியாகப் பிடிக்காமல் உரசும். உரசினால் இன்னும் சூடு. இது கூட்டு வட்டி. அசலைக் கட்டாமல் விட்டால் வட்டியே அசலை விழுங்கிவிடும்.

இதற்கு முதல் வைத்தியம் கியர் பாக்ஸைக் கழற்றுவது இல்லை. வரிசையாகப் பார்க்க வேண்டியவை இவை.

முதலில் ஆயில் அளவு. சில வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், சிலவற்றில் நிறுத்தியதும். கையேடு சொல்கிறபடிதான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பாகக் காட்டும்.

அடுத்து நிறமும் வாடையும். பொதுவாகப் புது ஆயில் தெளிந்த சிவப்பு. காப்பி நிறமும் கருகிய வாடையும் என்றால் சூடு தின்றிருக்கிறது. பாலில் ரோஸ் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, வண்டியை ஓட்டவே கூடாது.

பிறகு ரேடியேட்டர். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு படிந்த ரேடியேட்டர், இன்ஜினையும் குளிர்விக்காது, கியர் பாக்ஸையும் குளிர்விக்காது. சரியான கூலண்ட்தான் ஊற்ற வேண்டும். அதிகம் ஊர்ந்து ஓடும் வண்டி என்றால் முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலர் பொருத்திக்கொள்வதும் நல்லது.

அதன் பிறகுதான் ஆயில் மாற்றுவது. கீழே இருக்கும் தட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வராது, கன்வெர்ட்டருக்குள் நிறைய தங்கிவிடும். அதனால் ஒரு தடவையோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. தட்டில் மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் சாதாரண தேய்மானம். இரும்புச் சில்லுகள் கிடந்தால் விஷயம் பெரிது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. சிவிடி வகைக்கு அதற்கான ஆயில்தான் போட வேண்டும்.

பிளேட்டுகள் ஏற்கெனவே கருகியிருந்தால் புது ஆயில் உயிர் கொடுக்காது. "புது ஆயில் போட்டதும் கியர் பாக்ஸ் போச்சு" என்று பலர் சொல்வது இதனால்தான். பல சமயம் செத்துப்போனவருக்குக் கடைசியில் வந்த டாக்டர் மேல் பழி! அந்த நிலையில் பிளேட்டும் சீலும் மாற்றி ஓவராயில் செய்ய வேண்டும், கன்வெர்ட்டரையும் பார்க்க வேண்டும். கூலர் குழாயைக் கழுவாமல் விட்டால், பழைய இரும்புத்தூள் திரும்பி வந்து புது பிளேட்டையும் தின்றுவிடும்.

யார் கட்டுகிறார்கள்?

இப்போது வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். சில கார் கம்பெனிகள் கியர் பாக்ஸ் ஆயிலை 'ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை' என்று விற்றன. பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரத்தில் காட்டலாம். ஆனால் யாருடைய ஆயுள்? கியர் பாக்ஸ் எத்தனை வருடம் ஓடுகிறதோ அதுதான் அதன் ஆயுள் என்றால், அந்த வாக்கியம் எப்போதுமே பொய்யாகாது!

முதல் ஓனர் ஐந்தாறு வருடத்தில் விற்றுவிடுவார். அவர் காலத்தில் ஒரு செலவும் இல்லை. சூடு மட்டும் ஆயிலில் சேர்ந்துகொண்டே இருக்கும், எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத கடன் மாதிரி. ஒரு காலத்து மாருதி ஜென், ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் வண்டிகளை மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவர்கள்தான் அந்தக் கடனை மொத்தமாக அடைத்தார்கள். முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாத பெரியவர், ஒரு காலில் பலமில்லாதவர் என்று ஆட்டோமேட்டிக் வண்டி உண்மையாகவே தேவைப்படுபவர்களும் அவர்களில் உண்டு. ஓவராயில் செலவு சில சமயம் வண்டியின் விலையையே தொட்டுவிடும். அப்போது வண்டி காயலான் கடைக்குப் போகும், அவருடைய நடமாட்டம் வீட்டு வாசலோடு நிற்கும்.

2014-ல் மாருதி செலேரியோவோடு ஏ.எம்.டி. வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. அதில் கன்வெர்ட்டர் இல்லை, சாதாரண கிளட்சை ஒரு இயந்திரக் கை மிதிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதிலும் அரைக் கிளட்சில் ஊர்ந்தால் பிளேட் தேயத்தான் செய்யும். வரியின் பெயர் மாறுகிறது, வரி ஒழியவில்லை.

ஃபொட்டிங்கர் அந்தச் சூட்டை மறைக்கவில்லை, எடுத்து வேலைக்கு வைத்தார். கன்வேயர்காரர்கள் அதற்கு ஒரு தக்கையைப் பலி கொடுத்தார்கள். கார்க்காரர்கள் முதலில் திமிங்கலத்திடம் தள்ளினார்கள், பிறகு கடைசியில் வாங்குபவரிடம் தள்ளினார்கள். பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டையும் சீட் கவரையும் பார்க்கும் முன்னால், ஒரு வெள்ளைத் துணியில் அந்த ஆயிலை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது நல்லது. முந்தைய ஓனர் விட்டுப்போன பாக்கி எவ்வளவு என்று அதன் நிறமே சொல்லிவிடும்.